மூக்கு சொன்னால் சரி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டில் இருக்கும், அடையாள அட்டையில் இருக்கும், வேறெங்கும் இருக்காது. விமானத் தளத்தில் மூன்றாம் நம்பர் கொட்டகைக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாருமில்லை என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மூக்கு இருக்காரா என்று கேளுங்கள். இப்பத்தான் அந்தப் பக்கம் போனார், ஒரு நிமிஷம் நில்லுங்க, இந்தப் பக்கம் வந்துடுவார் என்பார்கள். மனிதர் ஓரிடத்தில் இருந்தால்தானே கைகாட்டிச் சொல்ல முடியும். ஐம்பத்தொரு வயதிலும் கால் தரையில் பாவாது. சாப்பிட உட்கார்ந்தால் நாலு தடவை எழுந்திருப்பார். ஒரு தடவை குழாயை மூட, ஒரு தடவை ஜன்னலைத் திறக்க, மீதி இரண்டு தடவை எதற்கு என்று அவருக்கே தெரியாது.

அவர் வேலை பார்த்த அறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒற்றை எஞ்சின் போர் விமானம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவானத்தில் அந்த ஒரே எஞ்சின் மக்கர் பண்ணி நின்றுவிட்டால் விமானியின் கையில் இருக்கும் பிடி வெறும் குச்சிதான், எதையும் திருப்பாது. அதற்காக அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் சுமார் இருபத்தைந்து லிட்டர் ஹைட்ரசீன், தண்ணீர் கலந்தது. எஞ்சின் நின்ற மறு நொடி அது குழாய் வழியே பாய்ந்து உள்ளேயிருக்கும் வினையூக்கிக் குருணையின் மேல் விழும். தீப்பொறி வேண்டாம், காற்று வேண்டாம், தானாகச் சிதைந்து கொதிக்கும் வாயுவாகி ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் ஒரு பத்து நிமிஷத்துக்கு விமானத்தை விமானியின் சொல்பேச்சுக் கேட்க வைக்கும். அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

இறங்கியவர்களை மூக்கு பார்த்திருக்கிறார். ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தத் தொட்டிகளைக் கழற்றி, வடித்து, சோதித்து, மறுபடி நிரப்புவதுதான் அந்த அறையில் நடக்கும் வேலை. பத்தொன்பது வருஷம் அதைச் செய்தார். இதைவிடப் பெரிய வேலை உலகத்தில் உண்டா என்று அவர் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை.

ஆனால் அந்தத் திரவம் இருக்கிறதே, அது சாமானியப்பட்ட சரக்கில்லை. பார்த்தால் பச்சைத் தண்ணீர். தோலில் பட்டால் புண்ணாக்கும், தோல் வழியாகவே உள்ளேயும் போகும். மூச்சில் போனால் நெஞ்சைக் காந்தும், கல்லீரலைக் கெடுக்கும், நாள்பட்டால் புற்றுநோய் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகலாம் என்று விதிப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. சிந்தியதைத் துணியால் துடைத்துத் துருப்பிடித்த இரும்பின் மேல் போட்டுவிட்டுப் போனால் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். அதனால் அந்த அறையில் மரச் சாமான் கிடையாது, கந்தல் கிடையாது, துரு கண்ணில் படக் கூடாது. தலை முதல் கால் வரை மூடிய ரப்பர் உடுப்பும், வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் தொட்டியைத் தொட வேண்டும்.

அறையில் மூன்று பேர். மூக்கு பெரியவர். அடுத்தது டீச்சர். அந்தப் பெண் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. விதிப்புத்தகத்தை வரிக்கு வரி படித்துவிட்டு வந்து எல்லாருக்கும் ஒப்பிப்பாள், அதனால் அந்தப் பட்டம். இதே ஹைட்ரசீனைத்தான் மின் நிலையத்துக் கொதிகலன் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டுத் துருப்பிடிக்காமல் காப்பாற்றுகிறார்கள், இதிலிருந்துதான் காசநோய் மாத்திரை ஒன்று தயாராகிறது, வானத்தில் செயற்கைக்கோளை நகர்த்தித் திருப்புவதும் இதுதான் என்று அவள்தான் சொன்னாள். மூன்றாவது ஆள் மாப்பிள்ளை. வேலைக்கு வரும்போதும் மடிப்புக் கலையாத சட்டைதான், தலைக்கு எண்ணெய்தான். ரப்பர் உடுப்புக்குள் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரியுமில்ல என்பான்.

மூக்குக்கு மூக்கு என்று பெயர் வந்த கதை ஊரறிந்தது. ஹைட்ரசீன் கசிந்தால் அம்மோனியாவும் மீன் கவிச்சியும் கலந்தாற்போல ஒரு வாடை வரும். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும், இங்க எங்கேயோ கசியுது என்பார். தேடினால் ஏதோ ஒரு இணைப்பின் அடியில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருக்கும். கசிவு பார்க்கும் கருவி கண்டுபிடிப்பதற்குள் இவர் கண்டுபிடித்துவிடுவார். கொட்டகையில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால், இவர்தான் சார் எங்க கருவி என்று முன்னால் தள்ளிவிடுவார்கள். அவரும் கூச்சப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை சொல்லிவிட்டுத்தான் விடுவார்.

இதில் ஒரு வழக்கமும் வந்து சேர்ந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். தொட்டி வேலை முடிந்ததும் கருவியை வைத்துக் காற்றைச் சோதிக்க வேண்டும், பத்து நிமிஷம் ஆகும், பிறகுதான் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்பது விதி. இங்கே அப்படி நடக்கவில்லை. மூக்கு தன் முகமூடியின் கீழ் விளிம்பை ஒரு விரல் அகலம் தூக்குவார். ஒரு இழுப்பு இழுப்பார். தலையாட்டுவார். அவ்வளவுதான், மற்ற இரண்டு பேரும் கழற்றிவிடலாம். பத்து நிமிஷம் மிச்சம். டீச்சர் ஆரம்பத்தில் முரண்டு பிடித்தாள். வாசனையை எச்சரிக்கைன்னு எடுத்துக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு அண்ணே என்றாள். மாப்பிள்ளை சிரித்தான்.

"அது மூக்கு இல்லாதவங்களுக்கு எழுதின புத்தகம் டீச்சர். நம்மகிட்டதான் இருக்கே."

நாலைந்து வருஷத்தில் அவளும் பழகிப்போனாள். மனுஷன் ஒரு தடவைகூடத் தவறியதில்லை, என்ன செய்வாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார், எழுந்தார், வேலைக்குப் போனார். ஏதோ குறைகிறது என்று தெரிந்தது, என்னவென்று பிடிபடவில்லை. அதைக் கண்டுபிடித்தது அவர் மனைவி. அவள் வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டு ஜன்னல் திரை தைப்பவள். ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியைத் திரையின் மேல் வைத்துவிட்டுக் கதவைத் தட்டியது யாரென்று பார்க்கப் போனாள். திரும்பி வந்தால் அறை முழுக்கத் தீய்ந்த நாற்றம், துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பக்கத்து நாற்காலியில் இவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க, வீடு எரிஞ்சாலும் அடுத்த பக்கத்தைத்தான் புரட்டுவீங்களா?" என்றாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டில் இருந்த சோப்பு, மண்ணெண்ணெய், காப்பித்தூள் எல்லாவற்றையும் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. வெறும் காற்று. அவர் எழுந்து கூடத்தில் நடக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா?"

"சொன்னா வேற வேலை கொடுப்பாங்க."

"வேற வேலைன்னா என்ன தெரியுமா? டயர் செக்‌ஷன். உன் தம்பிக்குக் கீழ."

அந்த மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். விமான டயர்களைக் கழற்றி மாட்டும் பிரிவுக்கு அவன்தான் தலைவன். மாமாவைப் பார்க்கும்போதெல்லாம், மூக்கை வச்சே பொழைக்கிறீங்க மாமா, நாங்க முதுகை வச்சுப் பொழைக்கிறோம் என்று சீண்டுவான். அவனுக்குக் கீழே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு இவர் செத்தே போகலாம் என்று நினைத்தார். உண்மையில் மச்சான் ஒரு சாக்குதான். மூன்றாம் நம்பர் கொட்டகையில் மூக்கு இல்லாமல் போனால் அவர் யார்? சம்பளச் சீட்டில் இருக்கும் அந்தப் பெயர்தான் மிஞ்சும்.

"தானா சரியாயிடும். கொஞ்ச நாள் பொறு" என்றார்.

கொஞ்ச நாள் ஐந்து மாதமானது. அந்த ஐந்து மாதமும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறையில் மூன்று பேரும் உடுப்பின் மார்பில் ஒரு அட்டை குத்திக்கொள்வார்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு. ஹைட்ரசீன் ஆவி பட்டால் ஆரஞ்சு நிறமாகும். முன்பெல்லாம் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். இப்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்த்தார். இணைப்புகளைக் கை விளக்கு அடித்து மூன்று முறை சுற்றிவந்தார். வாஷர்களைக் காலத்துக்கு முன்பே மாற்றினார். வீட்டிலும் அதே கதை. படுக்கப் போனவர் எழுந்து அடுப்பைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார், மறுபடி அடுப்பைப் பார்ப்பார். அண்ணனுக்கு வயசாக வயசாகத்தான் சுறுசுறுப்பு கூடுது என்று மாப்பிள்ளை கிண்டலடித்தான். அந்த வழக்கத்தை மட்டும் அவர் விடவில்லை. விட்டால் காரணம் கேட்பார்களே. முகமூடியை ஒரு விரல் தூக்கி, ஒரு இழுப்பு இழுத்து, ஓரக்கண்ணால் மார்பு அட்டையைப் பார்ப்பார். வெள்ளை. தலையாட்டுவார்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் இரண்டு தொட்டிகள் விமானங்களுக்குப் போக வேண்டியிருந்தது. வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. ஓட்டுநர் ஒலிப்பானை இரண்டு முறை அடித்தான். முதல் தொட்டியை நிரப்பி, குழாயைக் கழற்றி, வாயை மூடினார்கள். மூக்கு முகமூடியைத் தூக்கினார், இழுத்தார், குனிந்து அட்டையைப் பார்த்தார். காற்றுக் குழாயின் வார் நழுவி அட்டையின் மேல் படுத்திருந்தது. ஓரத்தில் தெரிந்த இடம் வெள்ளையாக இருந்தது. நடுப்பொட்டு வாருக்கு அடியில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. தலையாட்டினார்.

மாப்பிள்ளை முகமூடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். டீச்சர் தொட்டியின் மறுபக்கம் குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள், அவள் இன்னும் கழற்றவில்லை. மாப்பிள்ளை மூக்கை உறிஞ்சினான். மறுபடி உறிஞ்சினான்.

"அண்ணே, மீன் கவிச்சி மாதிரி ஒண்ணு வருதே?"

மாப்பிள்ளை அவர் முகத்தையே பார்த்தான்.

"உங்களுக்கு வரலையா?"

வரவில்லை. வெறும் காற்று. வரவில்லை என்று சொன்னால் கசிவே இல்லை என்றாகிவிடும், வருகிறது என்று சொன்னால் பொய். மூன்றாவதாக ஒன்று சொல்லலாம், அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அந்த நேரம் மாப்பிள்ளை தன் மூக்கைத் தானே தேய்த்துக்கொண்டான்.

"நீங்க சொன்னா சரிதான். எனக்கு நேத்திலிருந்து சளி. என் மூக்கு பொய் சொல்லுது."

சொல்லிவிட்டு முகமூடியைப் போட்டுக்கொள்ளாமல், அடுத்த தொட்டியின் பக்கம் நடந்தான். இணைப்புக்கு நேர் கீழே போய்க் குனிந்தான்.

அவன் அங்கே எத்தனை மூச்சு விட்டிருப்பான்? மூக்கு பிற்பாடு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு இருக்கலாம். ஐந்து இருக்கலாம். அந்த நாலைந்து மூச்சு நேரம் அவர் அசையாமல் நின்றார். பிறகு அறையே அதிரும்படி கத்தினார்.

"முகமூடியைப் போடுடா. வெளிய போ. கசியுது. எனக்கு வாசனையே தெரியாதுடா, அஞ்சு மாசமா ஒரு இழவும் தெரியாது."

டீச்சர் நிமிர்ந்தாள். அவள் மார்பு அட்டை ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. எச்சரிக்கைப் பித்தானை அழுத்தினாள், மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள், வால்வை மூடினாள், மேலே இருந்த நீர்த்தூவியைத் திறந்துவிட்டாள். புத்தகத்தில் எந்த வரிசையில் போட்டிருக்கிறதோ அந்த வரிசையில் எல்லாம் நடந்தது. மாப்பிள்ளை குனிந்த அந்த இரண்டாவது இணைப்பின் வாஷர் வெட்டுப்பட்டிருந்தது. நேற்றுத்தான் அதை மூக்கு தன் கையால் புதிதாக மாற்றியிருந்தார். அவசரத்தில் ஓரம் மடங்கியிருக்கிறது.

மாப்பிள்ளையைக் கால் மணி நேரம் கொட்டும் தண்ணீருக்கு அடியில் நிற்க வைத்தார்கள். கண் சிவந்து இருமிக்கொண்டே இருந்தான். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவன் போன ஆம்புலன்ஸிலேயே மூக்கையும் அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்று மட்டும் சொன்னான். அதற்குமேல் இருமல் விடவில்லை.

மருத்துவமனையில் மாப்பிள்ளை படுத்திருந்த அறைக்கு வெளியே நீள நடையில் மூக்கு நடந்தார். அந்தக் கோடிக்குப் போனார், இந்தக் கோடிக்கு வந்தார். உட்காருங்க ஐயா, தலை சுத்துது எங்களுக்கு என்றாள் நர்ஸ். சாயந்திரம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மாப்பிள்ளையின் கல்லீரல் இதுவரைக்கும் சரியாக இருக்கிறது, அடுத்த வாரம் மறுபடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். நடுத்தர வயசுப் பெண்மணி, அதட்டாமல் பேசுபவர். பிறகு மூக்கை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

மூக்கு எல்லாவற்றையும் கொட்டினார். காய்ச்சல், இஸ்திரிப் பெட்டி, அட்டை, வார். கடைசியில் குரலை இறக்கி, "டாக்டரம்மா, என்னை டயர் செக்‌ஷனுக்குத் தள்ளிடுவாங்களா?" என்று கேட்டார்.

"இப்ப அதுவா உங்க கவலை?" என்றார் டாக்டர். "மூக்கு போனது இருக்கட்டும். அது காய்ச்சல்ல போனதா வேற எதுலயாவது போனதான்னு அப்புறம் பார்க்கலாம். அதுக்கு முன்னாடி உங்களுக்கு வாசனை நல்லாத் தெரிஞ்சுதுன்னு சொல்றாங்களே. எத்தனை தடவை தெரிஞ்சிருக்கும்?"

அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பழக்கதோஷம். "அது ஆகியிருக்கும் பல தடவை. ஒரு சமயம் கதவைத் திறக்கும்போதே..."

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். நடுவில் பேனாவை நிறுத்தினார்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா? மனுஷன் மூக்குக்கு இந்த வாடை தெரியணும்னா, காத்துல இருக்கலாம்னு அனுமதிச்ச அளவுக்கு நூறு மடங்குக்கு மேல இருக்கணும். வாடை தெரிஞ்சுதுன்னா, அதுக்கு முன்னாடியே நீங்க சுவாசிச்சாச்சு."

"டீச்சர் சொல்லுவா" என்றார் அவர், மெதுவாக.

டாக்டர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். வாடை தெரிந்த ஒவ்வொரு முறையும், தேதி, இடம், ஏறக்குறைய எத்தனை நிமிஷம். ஞாபகம் இருக்கிறவரை எழுதிக்கொண்டு வாருங்கள், அதை வைத்துத்தான் உங்களுக்கு என்னென்ன சோதனை செய்ய வேண்டும், எவ்வளவு காலம் செய்ய வேண்டும் என்று முடிவு செய்ய முடியும் என்றார். படிவத்தில் பன்னிரண்டு வரிசை இருந்தது.

மறுநாள் காலையில் தையல் இயந்திரத்தின் பலகையில் படிவத்தை வைத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்தாள். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது, அதனால் அவள்தான் எழுதினாள். அவர் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே சொன்னார். ஒன்பது சொன்னதும் நின்றார்.

"அவ்வளவுதான்."

"எப்படி அவ்வளவு?" என்றாள் அவள். "விமானி உங்க கையை விடவே இல்லைன்னு சொன்னீங்களே, அன்னிக்கு விமானத்துக்கு அடியில போகும்போதே வாடை வந்துதுன்னீங்க. அது எங்க?"

"அது வெளியிலதானே. மைதானத்துல."

"மைதானத்துல மூச்சு விடலையா நீங்க?"

அவள் எழுதினாள். பிறகு அவளே சொல்ல ஆரம்பித்தாள். வீடு மாறிய வருஷம் மழைக்கு முன்னால் ஒன்று. மேலதிகாரி கை குலுக்கிய அன்று ஒன்று. அவள் தம்பி சாப்பிட வந்திருந்தபோது, பாருடா உன் மாமா மூக்கை என்று அவனிடம் அவளே பெருமையடித்த ஒன்று. அதற்கு முந்தின வாரம் ஒன்று. ஒரே மாதத்தில் மூன்று. அவருக்கு மறந்துபோனதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது, தேதியோடு நினைவிருந்தது. பன்னிரண்டு வரிசை முடிந்தது. திரைத் துணியில் வெட்டும் அளவு குறிக்க வைத்திருந்த தாளில் ஒன்றை எடுத்து ஊசியால் படிவத்தோடு சேர்த்துக் குத்தி, கோடு போட்டுக்கொண்டு தொடர்ந்து எழுதினாள்.

"போதும் விடு" என்றார் அவர். வேலை போகும் என்ற பயம் ஐந்து மாதம் அவரை ஆட்டியது. இது வேறு பயம், எங்கே நடந்தாலும் கூடவே வந்தது.

"போதாது. டாக்டரம்மா எல்லாத்தையும் கேட்டாங்க."

இருபத்தாறு வரை போனது. அங்கே அவள் பேனா நின்றது. தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு வந்து முதல்ல என்கிட்டதான் சொன்னீங்க" என்றாள். "நானும் சிரிச்சுக்கிட்டுக் கேட்டேனே. இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்கன்னு கேட்டேனே."

அவளால் மேலே எழுத முடியவில்லை. அவர் பக்கத்தில் வந்து, அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, இருபத்தேழாவதைத் தானே எழுதினார்.